பிறை தேடும் கண்கள் விண்மீன்களையும் காணட்டும்

 

ஷஅபான் 29ஆம் நாள் மாலை வந்துவிட்டால், வீட்டுக்கு வீடு மொட்டை மாடி நிரம்பிய காலம் ஒன்று இருந்தது. பெரியவர்கள் விரல் நீட்டிக் காட்ட, குழந்தைகள் பிறையைத் தேடுவார்கள். இன்று பிறைச் செய்தி கைப்பேசியில் வந்து சேர்கிறது. மாடிப்படி ஏறுவார் இல்லை. வானத்தைப் பார்த்து மாதத்தையும் வக்தையும் அறிந்த ஒரு சமுதாயத்தின் பிள்ளைகள், அவ்வானத்தை ஏறிட்டுப் பாராமலே வளர்கின்றனர்.

எங்கள் நாகமலை புதுக்கோட்டையிலும் இதே நிலைதான். மேற்கே மலைத்தொடர் பாம்பெனப் படுத்திருக்கிறது. கிழக்கே மதுரை நகரின் விளக்கொளி வானத்தை வெளுக்கச் செய்துவிட்டது. பிரகாசமான சில விண்மீன்களே கண்ணுக்குத் தென்படுகின்றன. ஆகவே, இருள் கெடாத ஓரிடத்துக்குக் குடும்பத்தோடு சென்று வரும் பயணத்தை இம்மாதம் பரிந்துரைக்கிறேன்.

அமெரிக்காவில் கொலராடோ ஆறு பாறைகளை அறுத்து உண்டாக்கிய கிராண்ட் கேன்யன் என்னும் பெரும்பள்ளத்தாக்கு 446 கிலோமீட்டர் நீளமுடையது. 1919இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அவ்விடத்துக்கு, 2019இல் சர்வதேச இருள்வான் பூங்கா என்னும் தகுதியும் கிடைத்தது. இருளையும் காக்கத்தக்க செல்வமாக உலகம் மதிக்கத் தொடங்கியிருக்கிறது. நம் நாட்டிலும் லடாக்கின் ஹான்லே பகுதி 2022இல் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அவ்வளவு தொலைவு செல்ல இயலாத நமக்கு, ஆந்திர மாநிலத்தின் கண்டிகோட்டா இருக்கிறது.

பெண்ணாறு எர்ரமலைக் குன்றுகளை ஊடறுத்துச் செல்லும் பள்ளத்தாக்கு அது. 'கண்டி' என்றால் தெலுங்கில் மலையிடுக்கு என்று பொருள். பாலைவனமும் அன்று, தேசியப் பூங்காவும் அன்று. எனினும் வறண்ட வெளியின் நடுவே செங்குத்தாக நிற்கும் செம்பாறைச் சுவர்களைக் காண்போர் வியப்படைவர். கடப்பைப் படுகையின் அப்பாறைகள் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையவை.

பள்ளத்தாக்கின் விளிம்பிலுள்ள கோட்டையைப் பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் கோல்கொண்டா சுல்தானின் தளபதி மீர் ஜும்லா கைப்பற்றினார். பிரெஞ்சு வைர வணிகர் தாவெர்னியே 1652இல் அவரை இங்கே சந்தித்ததாக எழுதி வைத்துள்ளார். கோட்டைக்குள் மாதவராயர் கோயிலும், ஜாமிஆ பள்ளிவாசலும், தானியக் களஞ்சியமும் இன்றும் நிற்கின்றன.

நாள் குறிப்பதில் நமக்கு ஒரு வசதி உண்டு. விண்மீன் காண நிலவற்ற இரவு வேண்டும். அதற்கு வேறு பஞ்சாங்கம் தேட வேண்டியதில்லை. சுவரில் தொங்கும் ஹிஜ்ரி நாட்காட்டியே போதும். பிறை 27 முதல் அடுத்த மாதம் 3 வரையிலான இரவுகள் உகந்தவை. நஃபில் நோன்பு நோற்கும் 13, 14, 15 ஆகிய நாட்களில் நிலவொளி விண்மீன்களை மறைத்துவிடும். பருவமோ, ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் நலம். கோடையில் கடப்பை வெயில் 40 டிகிரியைத் தாண்டும்.

மதுரையிலிருந்து இரவு ரயிலில் சென்னை சேர்ந்து, மும்பைத் தடத்து ரயிலில் கடப்பை செல்லலாம். அங்கிருந்து ஜம்மலமடுகு வழியாகக் கண்டிகோட்டா ஏறக்குறைய 80 கிலோமீட்டர். தங்குமிடத்தை முன்பதிவு செய்துகொள்ளுங்கள். கடப்பைக்கு அப்பால் உணவுக்குத் திண்டாடாதிருக்கக் கட்டுச்சோறும் போதிய தண்ணீரும் எடுத்துச் செல்க. லுஹர், அஸர், இஷாவைக் கஸராகத் தொழும் சலுகை பயணிக்கு உண்டு. சேர்த்துத் தொழுவதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருப்பதால், புறப்படுமுன் உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நன்று. கிப்லா, மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்தது.

ஓர் எச்சரிக்கை: பள்ளத்தாக்கின் விளிம்பில் தடுப்பு இல்லாத இடங்கள் பல. அஸருக்குப் பின் ஒளி சாயும் நேரத்தில் பள்ளத்தாக்கைக் கண்டு, இருட்டுமுன் குழந்தைகளை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். விண்மீன் காண விளிம்புக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. தங்குமிடத்து வெளியில் பாய் விரித்தால் போதும். கைவிளக்கின் முகத்தில் சிவப்புத் தாள் கட்டுங்கள். கைப்பேசியை உள்ளே வையுங்கள். கண்கள் இருளுக்குப் பழக அரைமணி நேரமாகும்.

இஷாவுக்குப் பின் அண்ணாந்து பாருங்கள். சிறு கொத்தாக மின்னும் கார்த்திகை மீன்களுக்கு அரபியில் சுரையா என்று பெயர். அதனைத் தொடர்ந்து செல்லும் செம்மீன் அல்தபரான். 'பின்தொடர்வது' என்பதே அச்சொல்லின் பொருள். ஐரோப்பியர் ரைஜல் என வழங்கும் வெண்மீனின் பெயர், பாதம் என்று பொருள்படும் 'ரிஜ்ல்' என்னும் அரபிச் சொல்லிலிருந்து வந்தது. எல்லாவற்றினும் ஒளிமிக்க விண்மீன் ஷிஃரா. திருக்குர்ஆனின் 53ஆம் அத்தியாயம் அதனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த அத்தியாயத்தின் பெயரே அந்நஜ்ம், விண்மீன். தெற்கே தாழ்வாக ஒளிர்வது தமிழர் அகத்தியன் என்று அழைக்கும் மீன். அரபியர் அதனைச் சுஹைல் என்றனர். உங்கள் வீட்டில் ஒரு சுரையாவோ சுஹைலோ இருந்தால், தம் பெயரை வானில் காணும் மகிழ்ச்சியை அவர்களுக்கு அளியுங்கள். இந்த விண்மீன்களையெல்லாம் அளந்து, படம் வரைந்து, அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபீ கி.பி. 964 வாக்கில் நூல் எழுதினார் என்பதையும் சொல்லுங்கள்.

ஃபஜ்ருக்கு முன்பே எழுந்துவிடுங்கள். ஃபிக்ஹு நூல்கள் இரு வைகறைகளைப் பேசுகின்றன. முதலில் தூண் போல மேல்நோக்கி எழும் மங்கல் வெளிச்சம் பொய் வைகறை. பின்னர் அடிவானத்தில் அகலவாக்கில் பரவுவது மெய் வைகறை. அதுவே ஃபஜ்ருடைய வக்து. விளக்கொளி மிகுந்த ஊர்களில் முதலாவதைக் காணவே இயலாது. வானம் தெளிவாயிருப்பின், மத்ரஸாவில் பாடமாக மட்டும் கேட்டதை உங்கள் பிள்ளைகள் அங்கே கண்ணாரக் காண்பர்.

இல்லத்தரசிகளையும் மூதாட்டிகளையும் விட்டுவிட்டுச் செல்லாதீர்கள். திருமணம், மருத்துவமனை தவிர வேறெதற்கும் ஊர் தாண்டாத பெண்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! படைப்பைப் பார்த்துச் சிந்திக்குமாறு இறைவன் விடுக்கும் அழைப்பு அவர்களுக்கும் உரியதே. பயணம் இயலாதவர்கள், அடுத்த மாதம் 29ஆம் நாள் மாலையில் மாடிக்கேனும் ஏறுங்கள். குழந்தைகளையும் உடன் அழையுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை இலேசாக்கி, பார்க்கும் கண்ணையும் சிந்திக்கும் உள்ளத்தையும் நம் மக்களுக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.