பிளாஸ்டிக் என்றால் மட்டமா?

மாணவர்களே, பிளாஸ்டிக் பொருள் என்றதும் "மட்டமானது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அமெரிக்க வேட்டைக்காரர்கள் பலரிடமும் இந்த எண்ணம் உண்டு. வால்நட் மரக் கட்டை பொருத்திய துப்பாக்கியே சிறந்தது, விலை குறைந்த பிளாஸ்டிக் கட்டை குறி தவறும், சீக்கிரம் உடையும் என்பது அவர்கள் வாதம். இது பாதிதான் உண்மை என்பது என் கருத்து.

கட்டை என்பது வேட்டைக்காரர் தோளில் அணைத்துப் பிடிக்கும் பகுதி. அதன் முன்பகுதி உலோகக் குழலுக்கு அடியில் நீண்டிருக்கும். சுடும்போது குழல் அதிரும். ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக அதிர்ந்தால்தான் குண்டுகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் படும். கட்டை ஒருமுறை குழலை அழுத்தி, மறுமுறை விலகினால் குறி மாறிவிடும்.

மரம் ஈரத்தை உறிஞ்சிப் புடைக்கும், உலர்ந்தால் சுருங்கும். மழைக்காலத்தில் வீட்டுக் கதவு இறுகிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அழகிய மரக் கட்டையும் அப்படித்தான் மெல்ல வளைந்து குழலில் உராயலாம்.

பிளாஸ்டிக் உழைக்காது என்பதற்கும் பதில் உண்டு. அமெரிக்காவின் ரெமிங்டன் நிறுவனம் 1959இல் 'நைலான் 66' என்ற சிறு ரகத் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் கட்டை நைலானால் ஆனது. அதே ஆண்டு டாம் ஃப்ரை என்பவர் அந்த ரகத் துப்பாக்கிகளால், மேலே வீசப்பட்ட 100,010 சிறு மரத்துண்டுகளைச் சுட்டார். தவறியவை ஆறு மட்டுமே!

அப்படியானால் மலிவுக் கட்டையில் குறையே இல்லையா? உண்டு. அச்சில் வார்க்கும்போது பிளாஸ்டிக்கை மிச்சப்படுத்த, முன்பகுதியைச் சிலர் மெல்லிய கூடாக விட்டுவிடுகிறார்கள். துப்பாக்கியை எதன்மீதாவது சாய்த்துச் சுட்டால் அது வளைந்து குழலைத் தொடும். பழி பிளாஸ்டிக்குக்கு; குற்றமோ வடிவத்திற்கு.

இதை வகுப்பிலேயே சோதிக்கலாம். 3 சென்டிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள பிளாஸ்டிக் அடிக்கோலைத் தட்டையாகப் பிடித்து வளையுங்கள், எளிதில் வளையும். விளிம்பு மேலே வரும்படி நிறுத்தி வளையுங்கள், அசையாது. பொருள் அதேதான், ஆனால் விறைப்பு 100 மடங்கு கூடிவிட்டது. கட்டையின் உட்புறத்தில் விலா எலும்புபோல் நிமிர்ந்த தடுப்புகளை வைத்து வார்ப்பதும் இதே தத்துவம்தான். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

குறி தவறினால் மான் உடனே இறக்காமல் போகலாம். காயத்தோடு காட்டில் துடிக்கும். ஆகவே வேட்டைக்குப் போகுமுன் கட்டை எந்தப் பொருளால் ஆனது, என்ன விலை என்று பார்ப்பது போதாது. இலக்கட்டையில் சுட்டு, குண்டுகள் பட்ட இடங்களை அளந்து பார்ப்பதே வேட்டைக்காரரின் கடமை.

நாமும் அப்படியே பழகுவோம். ஒரு பொருளை மட்டம் என்று சொல்லுமுன், அதை ஒருமுறையாவது சோதித்துப் பார்த்தோமா?