திண்டுக்கல் பூட்டும் கொல்லைக் கதவும்

நாயுடுபுரத்து நண்பர் போன வாரம் கோபமாக வந்தார். 2014-ல் மகள் வாங்கித் தந்த போனில் வங்கி ஆப் திறக்கவில்லையாம். "நல்லா இருக்கிற போனை வேணும்னே செல்லாக்காசு ஆக்கிட்டாங்க சார். பென்ஷன்காரன்னா இளிச்சவாயனா?" என்றார். அவர் வருத்தம் நியாயம்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் வங்கி பக்கம்.

நான் தந்தி ஆபீஸில் வேலை பார்த்தவன். எழுதிக் கொடுத்ததை நாங்கள் வாசித்துத்தான் தட்டுவோம். அந்தப் பக்கமும் ஒருவர் வாசித்துத்தான் எழுதுவார். ரகசியத்துக்கு எங்கள் நாணயம் மட்டுமே காவல். அதனால்தான் மதுரைக்குத் தந்தி கொடுத்த பூண்டு வியாபாரிகள், தங்களுக்குள் பேசி வைத்த சொல்லில் விலையை எழுதினார்கள்.

இன்று போனுக்கும் வங்கிக்கும் நடுவே அந்த வேலையைச் செய்வது டிஎல்எஸ் என்ற நெறிமுறை. அதற்கு முன் இருந்தது எஸ்எஸ்எல். டிஎல்எஸ் 1.0 வந்தது 1999-ல், 1.2 வந்தது 2008-ல், 1.3 வந்தது 2018-ல். பேச்சு தொடங்கும்போது இரு பக்கமும், "உனக்கு எந்தப் பதிப்பு தெரியும்?" என்று விசாரித்துக்கொண்டு, இருவருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்ளும்.

வம்பு அங்கேதான். நடுவில் புகுந்தவன் புதிய பதிப்பில் பேசும் முயற்சியைக் கெடுத்து, இருவரையும் பழைய எஸ்எஸ்எல் 3.0-க்கு இறங்க வைத்து ரகசியத்தைக் கறந்துவிடலாம் என்று 2014-ல் கூகுள் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 'பூடில்' என்று அதற்குப் பெயர்.

வாசலில் திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிட்டு, கொல்லைக் கதவைச் சணல் கயிற்றால் கட்டி வைத்தால் திருடன் எந்தப் பக்கம் வருவான்? புதுப் பூட்டு பாதி வேலை. பழைய கதவை அடைப்பதுதான் மீதி. 1.0, 1.1 இரண்டையும் கைவிடும்படி 2021-ல் ஐஇடிஎஃப் அமைப்பே சொல்லிவிட்டது. ஆண்ட்ராய்டு 5-க்கு முந்தைய போன்களில் 1.2 தானாக இயங்காது. நண்பரின் போன் அந்த ரகம். அதற்காகப் பழைய கதவைத் திறந்து வைத்தால், புதுப் போன் வைத்திருப்பவரையும் அந்த வழியாக இழுத்துவிடப் பார்ப்பார்கள்.

நம் வீட்டு வைஃபைக்கும் இதே கணக்குதான். டபிள்யூபிஏ3 இருந்தால் அது, இல்லாவிட்டால் டபிள்யூபிஏ2. டபிள்யூஇபி மட்டும் வேண்டவே வேண்டாம்.

வங்கிகளிடம் எனக்கும் ஒரு குறை உண்டு. கதவை அடைக்கும் முன் சில மாதங்கள் முன்னதாக, புரிகிற தமிழில் சொல்லுங்கள். புதுப் போன் வாங்க முடியாதவருக்குக் கவுன்ட்டரில் ஆள் வையுங்கள். வாழ்நாள் சான்றுக்குத் தபால்காரர் வீடு தேடி வருகிறாரே, அந்த அக்கறை போதும்.

நண்பர் தீபாவளிக்குள் புதுப் போன் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார். பழையதைத் தூக்கிப் போட வேண்டாம், பாட்டுக் கேட்க வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.