இறைக்காத கிணறு

உழைத்துச் சேர்த்த பொருளைப் பூட்டி வைப்பவனைக் கருமி என்று உலகம் இகழ்கிறது. உழைத்து அளந்த அளவீடுகளைப் பூட்டி வைப்பவனையோ அறிஞன் என்று போற்றுகிறது. புவி வேதியியல் துறையில் இம்முரண்பாடு இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை.

பாறையிலும் மண்ணிலும் நீரிலும் எத்தனிமம் எவ்வளவு உள்ளது என்று ஆராய்வதே புவி வேதியியல். பூமியின் மேலோட்டை முழுவதும் அரைத்துச் சோதிக்க எவராலும் இயலாது. எனினும், அதன் எடையில் ஏறத்தாழப் பாதி ஆக்சிசன் என்றும், கால் பங்கிற்கு மேல் சிலிக்கன் என்றும் உலகம் அறிந்திருக்கிறது. எவ்வாறு அறிந்தது? அமெரிக்க நில ஆய்வுத் துறையின் வேதியியலார் கிளார்க், 1908ஆம் ஆண்டில் இத்துறைத் தரவுகளைத் திரட்டி நூலாக்கினார். 1924இல் அவரும் வாஷிங்டன் என்பாரும் 5,159 தீப்பாறைப் பகுப்பாய்வுகளை ஒன்றுகூட்டிச் சராசரி கண்டனர். அவற்றைச் செய்தோர் பலர். ஒவ்வொருவரும் தத்தம் ஏட்டை மூடி வைத்திருப்பின் அச்சராசரி பிறந்திராது.

அன்று நூல் செய்த பணியை இன்று கணினிக் களஞ்சியங்கள் செய்கின்றன. செர்மனியில் மாக்ஸ் பிளாங்க் வேதியியல் நிறுவனம் தொடங்கிய ஜியோராக், பின்னர் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. அமெரிக்காவில் எர்த்கெம் என்னும் களஞ்சியம் உருவாயிற்று. ஏழை நாட்டு மாணவனும் கட்டணமின்றி நுழையத்தக்க வாயில்கள் இவை.

‘வெயிலில் அலைந்து கல் பொறுக்கியவர் ஒருவர், பயன் துய்ப்பவர் வேறொருவரா?’ என்று சிலர் வெகுள்கின்றனர். அலைந்தவரின் வழிச்செலவு பெரும்பாலும் மக்கள் தந்த வரிப்பணம் என்பதை அவர்கள் மறக்கின்றனர். அளந்தவர் தம் கட்டுரையை முடிக்கும்வரை காலவரம்பு அளிக்கலாம். அவர் பெயரைத் தரவோடு பிணைக்கலாம். காலமெல்லாம் பூட்டி வைக்க உரிமை ஏது? ‘பிறர் தவறாகக் கையாள்வர்’ என்பது மற்றொரு சாக்கு. திறந்த ஏட்டில் உள்ள பிழையைப் பலர் கண்டு திருத்துவர். மூடிய ஏட்டின் பிழையோ முதுமை எய்தும்வரை வாழும்.

1969 முதல் 1972 வரை அப்பல்லோ வீரர்கள் கொணர்ந்த நிலவுக் கற்களும் மண்ணும் 382 கிலோகிராம். அவை பேணப்பட்டு, தகுதியுடைய ஆய்வாளர்க்கு வழங்கப்பட்டன. அதனாலன்றோ, வறண்டது என நெடுங்காலம் கருதப்பட்ட நிலவின் கண்ணாடி மணிகளில் நீரின் சுவடு உண்டென்று 2008இல் புதிய கருவிகள் காட்டின!

எனினும், வெறும் எண்களைக் கொட்டுவது பகிர்வு ஆகாது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது முன்னோர் மொழி. கல் எடுத்த இடம், அளந்த கருவி, பிழையின் எல்லை ஆகியவை இல்லாத எண் பதருக்கு ஒப்பாகும்.

ஆசிரியர்கள் இப்பழக்கத்தைப் பள்ளி ஆய்வகத்திலேயே ஊன்றுதல் வேண்டும். மாணவர் தம் அளவீட்டை இடமும் நாளும் கருவியும் குறித்து எழுதட்டும். அடுத்த மேசையாருக்கும் காட்டட்டும். இறைத்த கிணறு ஊறும்; இறைக்காத கிணறு நாறும்.