உலகளந்தவர் யார்?

காஞ்சிபுரத்தில் உலகளந்த பெருமாள் கோயில் என்று ஒரு கோயில் இருப்பது நமது வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். குள்ள உருவமாய் வந்து மகாபலியிடம் மூன்றடி மண் யாசித்த விஷ்ணுவானவர், திடீரென்று வளர்ந்து ஓரடியால் பூமியையும், இரண்டாவது அடியால் ஆகாயத்தையும் அளந்துவிட்டு, மூன்றாவது அடிக்கு இடமில்லாமல், தானம் கொடுத்தவன் தலையிலேயே காலை வைத்து அவனைப் பாதாளத்துக்கு அழுத்தினார் என்பது புராணம். இக்கதை மெய்யா பொய்யா என்கின்ற விவகாரத்துக்கு நாம் இப்போது போகவில்லை. மெய்யென்றே வைத்துக் கொள்ளுவோம். நாம் கேட்பது ஒன்றுதான். அளந்தாரே, அளவு எத்தனை? பூமி எத்தனை மைல்? ஆகாயம் எத்தனை காதம்? கால் காணி நிலத்தை அளக்க வரும் சர்வேக்காரர் கூடக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறாரே, உலகத்தையே அளந்தவர் ஒரு கணக்கும் சொல்லாமல் போனதேன்?

புராணக்காரர்கள் கணக்கே சொல்லவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. தாராளமாகச் சொல்லியிருக்கிறார்கள். பூமிக்கு ஒரு லட்சம் யோஜனைக்கு மேலே சூரியன் என்றும், சூரியனுக்கும் மேலே இன்னொரு லட்சம் யோஜனையில் சந்திரன் என்றும் விஷ்ணு புராணம் கூறுகின்றது. அதாவது சூரியனை விடச் சந்திரன் தூரத்தில் இருக்கின்றதாம். சூரிய கிரகணத்தன்று சந்திரன் சூரியனை மறைப்பதை உலகமே பார்க்கின்றது. பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவனை மறைக்க முடியுமா என்று மாடு மேய்க்கும் சிறுவனைக் கேட்டாலும் சிரிப்பான். இதே புராணத்தில்தான் நெய்க்கடல், தயிர்க்கடல், பாற்கடல், கருப்பஞ்சாற்றுக் கடல் எல்லாம் வருகின்றன. இதை எழுதியவர்கள் தங்கள் வயிற்றை அளந்தார்களே ஒழிய வானத்தை அளக்கவில்லை என்பது இதிலிருந்தே விளங்கவில்லையா?

நிற்க, உண்மையில் அளந்து கண்ட கணக்கைப் பார்ப்போம். ஒளியானது ஒரு வினாடிக்கு 1 லட்சத்து 86 ஆயிரம் மைல் ஓடுகின்றது. 9 கோடியே 30 லட்சம் மைலுக்கு அப்பாலுள்ள சூரியனிடமிருந்து அது நம்மிடம் வர 8 நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகின்றது. ஒரு வருஷத்தில் அது ஓடும் தூரம் சுமார் 6 லட்சம் கோடி மைல். இதற்கு ஓர் ஒளி வருஷம் என்று பெயர். சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு மிகச் சமீபமாயுள்ள நக்ஷத்திரம் 4 ஒளி வருஷத்துக்கும் மேற்பட்ட தூரத்தில் இருக்கின்றது. நமது சூரியனைப் போன்ற பதினாயிரம் கோடிக்குக் குறையாத நக்ஷத்திரங்கள் கூடியது பால்வீதி என்னும் நமது நக்ஷத்திர மண்டலம். இதன் குறுக்களவு சுமார் 1 லட்சம் ஒளி வருஷம். இதுபோன்ற மண்டலங்களும் பதினாயிரம் கோடிக்குக் குறையமாட்டா என்று மதிப்பிடுகிறார்கள்.

இனி சிறுமைப் பக்கம் திரும்பினாலோ, ஓர் அங்குல நீளத்தில் சுமார் 25 கோடி அணுக்களை வரிசையாக அடுக்கலாம். அவ்வளவு சிறிய அணுவுக்குள்ளேயும் மிகப் பெரும்பாகம் வெறும் வெளி என்றும், அதன் எடை ஏறக்குறைய முழுவதும் நடுவிலுள்ள ஒரு கருவில் அடங்கியிருக்கின்றது என்றும் 1911ல் ரூதர்போர்டு காட்டினார். ஓர் அணுவைக் கோயில் தெப்பக்குளம் அத்தனை பெரிதாக்கினால், அந்தக் கரு குளத்தின் நடுவே கிடக்கும் மிளகளவுதான் இருக்கும்.

இதையெல்லாம் அளந்தவர்கள் யார்? எந்த ரிஷி? எந்த ஞானதிருஷ்டி? ஹென்ரியட்டா லீவிட் என்று ஓர் அம்மையார். காது கேட்கும் சக்தியைப் பெரிதும் இழந்தவர். அமெரிக்காவில் ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத்தில் சொற்பக் கூலிக்கு, கண்ணாடித் தகடுகளில் எடுத்த நக்ஷத்திரப் படங்களை உட்கார்ந்து பரிசோதித்தவர். தூரதிருஷ்டிக் கண்ணாடியைப் பெண்களிடம் ஒப்படைக்காத காலம் அது. சில நக்ஷத்திரங்களின் பிரகாசம் ஒழுங்காகக் கூடுவதும் குறைவதுமாக இருக்கும். ஒரே கூட்டத்தில், ஏறக்குறைய ஒரே தூரத்தில் உள்ள அப்படிப்பட்ட 25 நக்ஷத்திரங்களை ஒப்பிட்டு, பிரகாசம் அதிகமுள்ளது மெதுவாகவும், குறைந்தது வேகமாகவும் மாறுகின்றது என்கின்ற கணக்கை அவ்வம்மையார் 1912ல் வெளியிட்டார்.

இதனால் என்ன லாபம் என்றால், தெருக்கோடியில் மங்கலாகத் தெரிவது சிம்னி விளக்கா, பெட்ரோமாக்ஸ் விளக்கா என்று தெரிந்துவிட்டால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கின்றது என்று சொல்லிவிடலாமல்லவா? இரண்டு பங்கு தூரம் போனால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும் என்பது கணக்கு. அதுபோலவே ஒரு நக்ஷத்திரம் மாறும் வேகத்தைக் கொண்டு அதன் உண்மைப் பிரகாசத்தையும், அதைக் கொண்டு அதன் தூரத்தையும் கண்டுகொள்ளலாம். இந்த அளவுகோலை வைத்துக் கொண்டுதான் 1923ல் ஹப்பிள் என்பவர், ஆண்ட்ரோமீடா என்னும் மங்கலான திட்டு நமது மண்டலத்துக்கு வெகு தூரத்துக்கு அப்பால் உள்ள வேறொரு மண்டலம் என்று நிரூபித்தார்.

அந்த ஹப்பிளுக்குக் கூட இருந்து உழைத்தவர் மில்டன் ஹியூமேசன். இவர் 14 வயதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். வில்சன் மலையில் அந்த நிலையத்தைக் கட்டுகையில் கோவேறு கழுதைகளின் மேல் சாமான் ஏற்றி ஓட்டிப் போனவர். பிறகு 1917ல் அங்கேயே கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய கைத்திறமையைப் பார்த்து அவரிடம் தூரதிருஷ்டிக் கண்ணாடியைக் கொடுத்தார்கள். தூரத்து மண்டலங்கள் நம்மைவிட்டு விலகும் வேகத்தை அவர் இரவெல்லாம் விழித்து அளந்தார். கழுதை ஓட்டியவனுக்கு வானசாஸ்திரம் எதற்கு என்று அங்கே ஒரு மனு குறுக்கே நிற்கவில்லை.

நம் நாட்டிலும் மேகநாத் சாகா இருந்தார். டாக்கா ஜில்லாவில் ஒரு கிராமத்தில் சில்லரைக் கடைக்காரர் மகனாக 1893ல் பிறந்தவர். கல்கத்தாவில் படிக்கும்போது, ஜாதியில் தாழ்ந்தவர் என்று விடுதியில் கூட உட்கார்ந்து சாப்பிட மறுக்கப்பட்டவர். அவர்தான் 1920ல், கொதிக்கும் நக்ஷத்திரத்தில் அணுக்கள் என்ன ஆகின்றன என்பதற்கு ஒரு சூத்திரம் கண்டு, நக்ஷத்திரத்தின் ஒளியைப் பார்த்தே அதன் வெப்பத்தைச் சொல்ல வழி செய்தார். உலகத்தின் மிகச் சிறிய பொருளுக்கும் மிகப் பெரிய பொருளுக்கும் பாலம் போட்டவர், கூட உட்கார்ந்து சோறு தின்ன லாயக்கற்றவராம்!

அவருடைய ஆராய்ச்சியைக் கேட்ட ஒரு வக்கீல், "இதிலென்ன புதுமை, எல்லாம் வேதத்தில் இருக்கின்றது" என்றாராம். எந்த இடத்தில் என்று கேட்டதற்கு, தாம் படித்ததில்லை என்றாராம். பின்பு சாகாவே வேத சாஸ்திரங்களைப் பல வருஷம் தேடிப் படித்து, அப்படி ஒன்றும் அங்கே இல்லை என்று எழுதினார். நிழலால்தான் கிரகணம் உண்டாகின்றது என்று 499லேயே ஆரியபட்டர் இந்நாட்டில் எழுதினார் என்பது வாஸ்தவம். ஆனால் அந்த நிழலைப் பஞ்சாங்கத்தில் சேர்த்துக் கொண்டவர்கள் ராகுவை மட்டும் விட்டார்களா? கணக்கையும் வைத்துக் கொண்டு, பாம்பையும் வைத்துக் கொண்டு, தக்ஷணையையும் அல்லவா வாங்குகிறார்கள்!

விஞ்ஞானம் தவறுவதில்லையா என்று நம்மைக் கேட்பார்கள். தவறும். ஆண்ட்ரோமீடா சுமார் 9 லட்சம் ஒளி வருஷ தூரம் என்று ஹப்பிள் சொன்னார். அந்த அளவுகோலாகிய நக்ஷத்திரங்களில் இரண்டு ரகம் உண்டென்று 1952ல் பாடே என்பவர் காட்டி, தூரத்தை இரட்டிப்பாக்கித் திருத்தினார். இன்றைய கணக்கு சுமார் 25 லட்சம். திருத்தியவரை யாரும் நாஸ்திகன் என்று ஊரைவிட்டுத் துரத்தவில்லை. தவறைத் தவறென்று ஒப்புக்கொள்ளுவதே அறிவுக்கு மரியாதை. சந்திரன் சூரியனுக்கு மேலே என்று எழுதிய புராணத்தை இன்றுவரை எந்த மடாதிபதி திருத்தினார்?

"இவ்வளவு பெரிய பிரபஞ்சத்தைப் படைத்த கடவுளின் பெருமையை இப்போதாவது பார்த்தாயா?" என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் வழிக்கே வருவோம். பதினாயிரம் கோடி மண்டலங்களுக்குச் சொந்தக்காரரான அந்தக் கடவுள், இந்தத் தூசி போன்ற பூமியில் ஒரு கல்லறைக்குள் இன்ன ஜாதியான் நுழைந்தால் தீட்டாகிவிடுவாரா? பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்து 1970ல் சட்டம் செய்தும், பயிற்சி பெற்ற பல ஜாதித் தோழர்களின் கைக்கு நியமன உத்தரவு வர 2021 ஆகஸ்டு வரை, அதாவது 51 வருஷம் ஆனதே! கடவுளைப் பெரிதாக்கிப் பேசுவதும், அவரைத் தீட்டுக்குப் பயந்தவராக்கிப் பூட்டி வைப்பதும் ஒரே வாய்தானே? அர்ச்சகர் உடம்பிலும், தெருக்கூட்டும் தோழர் உடம்பிலும் இருப்பது ஒரே மாதிரி அணுதான். அணுவைப் பிளந்து கருவைக் கண்டவன் அதற்குள்ளே பூணூலைக் காணவில்லை.

ஆகவே தோழர்களே! அடுத்த கிரகணத்தன்று கர்ப்பிணியை அறையில் பூட்டாதீர்கள். வீட்டில் அடுப்பெரியட்டும், எல்லோரும் சாப்பிடுங்கள். சூரியனைப் பார்ப்பதற்கென்று செய்த கண்ணாடி கொண்டு குழந்தைகளுக்கு அதைக் காட்டுங்கள். பல கோடி மைலுக்கு அப்பாலுள்ள செவ்வாயின் பேரைச் சொல்லி ஒரு பெண்ணின் கலியாணத்தைத் தள்ளி வைக்காதீர்கள். ஜாதகத்துக்குக் கொடுக்கும் பணத்துக்கு அப்பெண்ணுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.

வானத்தை மெய்யாக அளந்தவர்கள் காது கேளாத ஒரு பெண், கழுதை ஓட்டிய ஒரு தொழிலாளி, சில்லரைக் கடைக்காரர் மகன் ஒருவர். அளந்த கணக்கை உலகத்தார் எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் எந்த மகாபலியின் தலையிலும் காலை வைக்கவில்லை.