கருந்துளைப் படம் கிராபிக்ஸாம்ல!

டிஸ்கி: கொஞ்சம் காட்டமான பதிவு. வாட்ஸப் விஞ்ஞானிகள் இப்பவே அப்பீட் ஆகிக்கலாம்.

2019 ஏப்ரல் 10-ம் தேதி எம்87 கருந்துளையோட படம் வந்துச்சு. 2022 மே 12-ல நம்ம பால்வீதி நடுவுல இருக்கற கருந்துளையோட படமும் வந்துச்சு. இத்தனை வருஷம் கழிச்சும் எங்க திண்டுக்கல் பக்கம் பேச்சை எடுத்தா வர்ற முதல் பதில், "அட போங்க தம்பி, அதெல்லாம் கம்ப்யூட்டர்ல வரைஞ்சது." டீக்கடைப் பெரியவர் சொன்னா உக்காந்து பேசிக்கலாம். சொல்றது யாருன்னு பாத்தா பி.இ. முடிச்சவன், ஐ.டி.ல குப்பை கொட்டறவன். என் இனம்! அதான் வயித்தெரிச்சல்.

முதல்ல எப்படி எடுத்தாங்கன்னு பாத்துடுவோம். எம்87 இருக்கறது 5.5 கோடி ஒளியாண்டு தூரத்துல. எடை நம்ம சூரியனைப் போல 650 கோடி மடங்கு. ஆனா இங்கேருந்து பாத்தா அந்த வளையம், நிலாவுல வெச்ச ஒரு உள்ளங்கை அகல பூட்டு அளவுதான் தெரியும் (நம்மூர் ஆச்சே, பூட்டுன்னே வெச்சுக்குவோம்). அதைப் பிரிச்சுப் பாக்க பூமி அளவுக்கு ஒரு தொலைநோக்கி வேணும். அதைக் கட்ட முடியாது. அதனால 2017 ஏப்ரல்ல சிலி, ஹவாய், அரிசோனா, மெக்சிகோ, ஸ்பெயின், தென்துருவம்னு ஆறு இடத்துல எட்டு தொலைநோக்கியை ஒண்ணா வேலை செய்ய வெச்சாங்க. எல்லாம் 1.3 மில்லிமீட்டர் அலைநீள ரேடியோ அலைக்கு. (எம்87 வடக்கு வானத்துல இருக்கறதால தென்துருவத்துக்குத் தெரியாது, அது மத்த வேலைக்கு.) ஒவ்வொரு இடத்துலயும் அணுக்கடிகாரம். வந்த அலையை நேரத்தோட சேத்து அப்படியே ஹார்ட் டிஸ்க்ல பதிஞ்சாங்க. மொத்தம் சுமார் 5,000 டெராபைட். இன்டர்நெட்ல அனுப்ப முடியாம விமானத்துல ஏத்தி அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் அனுப்பினாங்க. தென்துருவத்து டிஸ்க் மட்டும் அங்க குளிர்காலம் முடிஞ்சு விமானம் வர்ற வரைக்கும் மாசக்கணக்குல காத்துக் கிடந்துச்சு.

ரெண்டு ரெண்டு தொலைநோக்கியோட பதிவை ஒப்பிட்டா, படத்தோட ஒரு ஃபூரியர் கூறு கிடைக்கும். பூமி சுத்தச் சுத்த கோணம் மாறும், புதுசு புதுசா கூறு கிடைக்கும். மக்களே, இது எம்3 பேப்பர்ல நாம படிச்ச அதே ஃபூரியர்தான். (படிச்சோமா, அரியர் வெச்சோமாங்கறது வேற விஷயம், ஹி ஹி.)

இப்ப நம்மாளுங்க கேள்விக்கு வருவோம்.

"கேமராவுல எடுக்கல, கணக்குப் போட்டு எடுத்தது. அப்ப போட்டோ இல்லல்ல?"

அப்பாவுக்கு தலைசுத்தல்னு எம்.ஆர்.ஐ. எடுக்கறீங்களே, அது என்ன கேமராவா? அதுவும் ஃபூரியர் கணக்குல கட்டற படம்தான். அந்தப் படத்தை நம்பி டாக்டர் மண்டையைத் திறப்பார், நாமளும் கையெழுத்து போடுவோம். ஸ்கேன் சென்டர்ல போய் "இது கிராபிக்ஸ்"னு சண்டை போட்டவன் எவனையாவது காட்டுங்க பாப்போம். ஆரஞ்சு கலர் பூசினதுதான், ஒத்துக்கறேன். கண்ணுக்குத் தெரியாத அலைக்கு ஏதாவது ஒரு கலர் குடுத்துத்தானே ஆகணும்!

"தகவல் இல்லாத இடத்தை இஷ்டத்துக்கு நிரப்பிட்டாங்க"

இது கேக்க வேண்டிய கேள்வி. தொலைநோக்கி கொஞ்சம்தான், ஓட்டை நிறைய. ஆனா "இஷ்டத்துக்கு"ங்கறது பொய். எங்க ஊர் பூட்டு ஆசாரி சாவி தொலைஞ்ச பூட்டுக்கு எப்படி சாவி போடுவார்? உள்ள எட்டிப் பாக்க முடியாது. வெட்டாத சாவியை விட்டுத் திருப்புவார், தடம் எங்க விழுதுன்னு பாத்து அரம் போடுவார், திரும்ப விடுவார். கடைசியில பூட்டு திறக்கணும், அதான் பரீட்சை. இங்கயும் அதேதான். ஒரு படத்தை ஊகிச்சு, அது பதிவோட பொருந்துதான்னு பாத்து, திருத்தித் திருத்திப் போறது. அதுவும் நாலு குழு, ஒருத்தரோட ஒருத்தர் பேசக்கூடாதுன்னு தனித்தனியா செஞ்சாங்க. நாலு பேருக்கும் வளையம் வந்துச்சு. ஓட்டையில்லாத தட்டு மாதிரி பொய்த் தகவலைக் குடுத்தும் சோதிச்சாங்க. தட்டைக் குடுத்தா தட்டுதான் வந்துச்சு, வளையம் வரல.

இந்த மாதிரி குறைத் தகவல்ல இருந்து படம் கட்டற கலையைப் பத்தி 1986-லயே விரிவா எழுதினவங்க ராஜாராம் நித்யானந்தாவும் ரமேஷ் நாராயணும். சென்னைப் பல்கலைக்கழகத்துல பட்டம் வாங்கின அதே ரமேஷ் நாராயண் பின்னாடி ஹார்வர்ட் போய் இந்தக் கருந்துளைக் கூட்டணியிலயும் இருந்தார். ஊட்டி ரேடியோ தொலைநோக்கியைக் கட்டின கோவிந்த் ஸ்வரூப், அப்புறம் புனே பக்கத்துல 45 மீட்டர் அகலத் தட்டு 30 வெச்சு, 25 கிலோமீட்டர் அகலத் தொலைநோக்கி மாதிரி வேலை செய்ய வெச்சார். தத்துவம் அதேதான்.

அவ்வளவு தூரம் எதுக்கு? எங்க மாவட்டத்துக்கே வாங்க. வத்தலகுண்டு வழியா பஸ் ஏறினா கொடைக்கானல். அங்க 1899-ல ஆரம்பிச்ச சூரிய ஆய்வகம் இருக்கு. கால்சியத்தோட ஊதா ஒளியில மட்டும் சூரியனை அங்க நூறு வருஷம் போல படம் புடிச்சாங்க, 2007 வரைக்கும். எப்படி? ஒரு மெல்லிய பிளவு வழியா ஒளியை விட்டு, நிறம் பிரிச்சு, ஒரே ஒரு நிறத்தைப் பொறுக்கி, அந்தப் பிளவை சூரியன் மேல நகர்த்தி நகர்த்தி, கோடு கோடா தட்டுல சேத்து. அதுவும் 'கட்டின' படம்தான். கம்ப்யூட்டரே இல்லாத காலத்துல! அப்ப அதுவும் கிராபிக்ஸா? 'மஞ்சும்மல் பாய்ஸ்' பாத்துட்டு குணா குகைக்கு வண்டி கட்டினவங்கள்ல எத்தனை பேர் இந்தப் பக்கம் எட்டிப் பாத்தாங்க?

"குடிக்கத் தண்ணியில்ல, கருந்துளை ஒரு கேடா?"

வருஷா வருஷம் குடத்தோட அலையற ஊர்க்காரன், எனக்கும் அந்தக் கோபம் புரியும். ஆனா அந்தக் கொடைக்கானல் ஆய்வகம் ஏன் வந்துச்சு தெரியுமா? 1876-78 தாது வருஷப் பஞ்சம். மழை பொய்ச்சு லட்சக்கணக்குல ஜனம் செத்தப்ப, சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கான்னு பாக்கணும்னு கிளம்பின யோசனைதான் அதுக்கு ஒரு முக்கியக் காரணம். தண்ணிக்காகத்தான் சாமி வானத்தைப் பாத்தாங்க.

"இதெல்லாம் நம்ம சித்தர்கள் அன்னைக்கே சொன்னது"

எந்தப் பாட்டு, எத்தனை கோணம், என்ன விட்டம்? சொல்லுங்க, ஒப்பிட்டுப் பாத்துடலாம்.

சந்தேகப்படாதேன்னு நான் சொல்லவே இல்ல. ஒழுங்கா சந்தேகப்படுன்னுதான் சொல்றேன். 2022-ல ஜப்பான்ல மியோஷி குழு அதே தகவலை எடுத்து திரும்பக் கணக்குப் போட்டு, "எங்களுக்கு வளையம் வரல"ன்னு கட்டுரை போட்டாங்க. கூட்டணி பதில் சொல்லுச்சு. வேற குழுக்களும் தனியா செஞ்சு வளையம்னாங்க. 2018-ல கிரீன்லாந்து தொலைநோக்கியையும் சேத்து எடுத்த படம் 2024 ஜனவரியில வந்துச்சு. அதே அளவு வளையம், பிரகாசமான பக்கம் மட்டும் சுமார் 30 டிகிரி தள்ளியிருந்துச்சு. சண்டைன்னா இப்படிப் போடணும். ஓசிலேயே கிடைக்குது தகவல், நிரலும் கிடைக்குது, நமக்கு பைத்தானும் தெரியும். ஒரு சனிக்கிழமை உக்காந்து ஓட்டிப் பாக்க எது தடுக்குது?

'எப்படி எடுத்தாங்க'ன்னு ஒரு தடவைகூட கேக்காம 'பொய்'னு சொல்றதுக்குப் பேர் பகுத்தறிவு இல்ல, சோம்பேறித்தனம். இன்னைக்கு கருந்துளையைப் பொய்ங்கறவன், நாளைக்கு புள்ளைக்கு தடுப்பூசி போடறப்பவும் அதையேதான் சொல்வான். அப்ப நஷ்டம் கருந்துளைக்கு இல்ல.

மறுப்பு இருக்கறவங்க பின்னூட்டத்துல வந்து கும்முங்க. கணக்கோட வந்தா ரொம்ப சந்தோஷம்.