ஸ்பூன் பிடிக்கத் தெரிந்தவர்கள்

பொறியியல் கடைசி வருடம். பிளேஸ்மென்ட் பயிற்சி என்று ஒரு மதியம் முழுக்க எங்களுக்குச் சாப்பிடச் சொல்லித் தந்தார்கள். ஃபோர்க் இடது கை, கத்தி வலது கை, நாப்கின் மடியில். சூப்பை நம் பக்கமாக அள்ளக் கூடாது, எதிர்ப்பக்கமாக அள்ள வேண்டும். சாப்பாடு எதுவும் இல்லை, காலித் தட்டில்தான் வெட்டினோம். அத்தனை விதிகளில், தட்டைக் கொண்டுவந்து வைப்பவரை எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு விதிகூட இல்லை.

அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் போன மாதம் திருச்சி வந்தான். அவனையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு தில்லை நகரில் ஒரு ஏசி உணவகத்துக்குப் போனேன். ஃபோர்க்கை அழகாகத்தான் பிடித்தான். அடுத்த ஐட்டம் வரத் தாமதமானதும் விரலைச் சொடுக்கி, "ஹலோ, பையா!" என்றான். வந்த வடநாட்டுப் பையன் "ரெண்டு நிமிஷம்ணா" என்று தமிழில் சொன்னான். அந்த உச்சரிப்பை இவன் திருப்பிச் சொல்லிக் காட்டிச் சிரித்தான்.

அப்பா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடம் சர்வராக இருந்தவர். நண்பனுக்கு அது தெரியாது. கல்லூரியில் "அப்பா ஹோட்டல் பிசினஸ்" என்று சொல்லி வைத்திருந்தேன். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் திட்டு வாங்குகிறவர்களில் நானும் ஒருவன்.

இவன் சாதி எதிர்ப்பு பற்றி நன்றாக எழுதுவான், நீங்களே லைக் போட்டிருப்பீர்கள். அதுதான் எரிச்சல். ஏனென்றால் இந்த ஊரில் மேசை நாகரிகத்தின் கதை ஸ்பூனில் ஆரம்பிக்கவில்லை. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னிந்திய ரயில்வேயின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் அந்தப் பிரிவினை போனது. 1957இல் சென்னை முரளி கபேயின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் மறியலைத் தொடங்கினார், அது மாதக்கணக்கில் நடந்தது. 2012இல்கூட, காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் ஓர் உணவகப் பெயரில் அதே சொல் வந்து திராவிடர் கழகம் எதிர்த்தது. யார் யாரோடு உட்காருவது என்பதற்கு இத்தனை சண்டை போட்ட ஊரில், உட்கார இடம் கிடைத்ததும் நாம் முதலில் கற்றுக்கொண்டது சொடுக்குப் போட.

"காசு கொடுக்கிறோம்ல?" என்பார்கள். காசு சாப்பாட்டுக்கு. நரைத்த தலைக்காரரை "தம்பி, இங்க வா" என்று கூப்பிடும் உரிமை எந்த பில்லிலும் தனி வரியாக வருவதில்லை. சேவை மோசமா? மேனேஜரிடம் சாதாரணக் குரலில் சொல்லுங்கள், தப்பே இல்லை. ஆனால் நம்மாளுக்கு ஒன்று புரியணும். நானும் சர்வர்களோடு வேலை செய்பவன்தான், வேறு வகை சர்வர். பதில் தாமதமானால் லாக் எடுத்து எங்கே அடைப்பு என்று தேடுவோம். முன்னால் தெரியும் ஸ்கிரீனை யாரும் அறைவதில்லை. ஹோட்டலில் மட்டும் அடுப்படியின் தாமதத்துக்கு, கண்ணில் படுகிற ஒரே ஆளை அறைகிறோம்.

அப்புறம் எச்சில். தட்டிலேயே கை கழுவுவது, டிஷ்யூவைச் சாம்பார்க் கிண்ணத்தில் அமுக்குவது, குழந்தை இறைத்ததை அப்படியே விட்டு எழுந்து போவது. நம் வீட்டில் இதைச் செய்தால் அம்மா விடுவாளா? வெளியே செய்கிறோம், ஏனென்றால் துடைக்கிறவரின் முகம் நமக்கு ஞாபகம் இருக்கப் போவதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா வழக்கம்போல மூன்று தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஸ்பூன்களை மேல்தட்டில் போட்டார். "விடுங்க அங்கிள், அதுக்கெல்லாம் ஆள் இருக்காங்க" என்றான் நண்பன்.

"ஆமாப்பா, நான்தான் இருந்தேன்" என்றார் அப்பா. நண்பன் என்னைப் பார்த்தான். நான் பில்லைப் பார்த்தேன்.

2021இல் தமிழ்நாடு, கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று விதித்தது. கேரளம் 2018இலேயே செய்துவிட்டது. வெளியே வரும்போது அந்த ஹாலில் ஊழியர்களுக்கு நாற்காலி இருக்கிறதா என்று தேடினேன். கல்லாவில் ஒன்று இருந்தது. வாசலில், காத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஆறு.