முதுகெலும்புக்குள் விடப்படும் இரத்த உறைவூட்டிகள்



மருத்துவச் சாதனங்களால் விளையும் தீங்குகளைக் கண்காணிப்பதற்கென 2015 ஜூலையில் இந்தியாவில் தொடங்கப்பட்ட திட்டத்தில், தீங்கைத் தெரிவிப்பதா வேண்டாமா என்பது மருத்துவர்களின் விருப்பத்துக்கே விடப்பட்டிருப்பது, முதுகெலும்பு அறுவைக்கு உள்ளாகும் நோயாளிகளைப் பொறுத்தவரை சிறிதும் ஏற்கத்தக்கதன்று.

பிதுங்கிய டிஸ்க்கை அகற்றுவதற்காக முள்ளெலும்பின் பின்வளைவைச் செதுக்கி எடுக்கும்போது, தண்டுவடத்தையும் நரம்பு வேர்களையும் போர்த்தியுள்ள டூரா என்னும் உறை தன் எலும்புக் கவசத்தை இழக்கிறது. அவ்விடத்தில் தேங்கும் இரத்தத்தினுள், வெட்டுண்ட முதுகுத் தசைகளிலிருந்து நார்த்திசுவை உண்டாக்கும் உயிரணுக்கள் புகுந்து, நாளடைவில் அதைத் தழும்பாக மாற்றுகின்றன. தழும்பு உண்டான எல்லோருக்கும் வலி வருவதில்லை என்றாலும், அது நரம்பு வேரைப் பற்றிக்கொண்டால் காலில் இறங்கும் வலி திரும்பக்கூடும். மறு அறுவை தேவைப்பட்டால் டூரா கிழியும் ஆபத்தும் மிகுகிறது.

தேங்கும் இரத்தம் குறைந்தால் தழும்பும் குறையும் என்ற கருத்தின் அடிப்படையில், கசிவை நிறுத்தப் பயன்படும் ஜெலட்டின் பஞ்சு போன்ற உறைவூட்டிகள் தழும்பைத் தடுக்கும் திரையாகவும் முன்வைக்கப்பட்டன. 1974இல் லரோக்கா, மெக்நாப் ஆகிய இருவரும் நாய்களில் நடத்திய ஆய்வு ஜெலட்டின் பஞ்சுக்கு ஆதரவாக அமைந்தது. ஆனால் பின்வந்த ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை. இரத்தத்தை அடக்கும் பொருளே உள்ளே தங்கினால் அயற்பொருளாகி, அதைச் சுற்றி அழற்சியும் நார்த்திசுவும் வளரக்கூடும் என்பதே இதிலுள்ள சிக்கல்.

அதனினும் கடுமையான ஆபத்து, இப்பொருள்கள் இரத்தத்தை உறிஞ்சி உப்புவது. வயிற்றறையில் உப்பும் பஞ்சுக்கு விலக இடமுண்டு. நாற்புறமும் எலும்பு சூழ்ந்த தண்டுவடக் குழாயிலோ, உப்பும் பொருள் நரம்பையே நெருக்கும். இத்தகைய உறைவூட்டிகள் குறித்து 1996 முதல் 110க்கும் மேற்பட்ட தீங்குகள் தெரிவிக்கப்பட்டதாகவும், அவற்றுள் 11 நிகழ்வுகள் கைகால் முடக்கத்திலோ பிற நரம்புக் குறைபாடுகளிலோ முடிந்ததாகவும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2004 ஏப்ரலில் எச்சரித்தது. எலும்பு சூழ்ந்த இடங்களில் கசிவு நின்றதும் பொருளை எடுத்துவிட வேண்டும் என்ற அறிவுறுத்தல் இந்த அனுபவத்திலிருந்து வலுப்பெற்றது. தீங்குகள் ஓரிடத்தில் பதிவாகி எண்ணப்பட்டதால்தான் அந்த எச்சரிக்கையே சாத்தியமாயிற்று.

தழும்பைத் தடுக்கும் என்று 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆட்கான்-எல் என்னும் பசைக்கூழ், அது உறைவூட்டி அன்று என்றாலும், இங்கு நினைவுகூரத்தக்கது. அதன் ஆய்வுத் தரவுகளின் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகி, 2001இல் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அனுமதி வழங்கியதோடு கண்காணிப்பு நின்றிருந்தால், மூன்றே ஆண்டுகளில் அது விலக்கப்பட்டிருக்காது.

மருத்துவர்களின் திறமையையோ நேர்மையையோ ஐயுறுவதற்காக இக்கடிதம் எழுதப்படவில்லை. கசிவை அடக்காவிட்டால் தேங்கும் குருதியே தண்டுவடத்தை நெரித்துவிடும் என்பதால், உறைவூட்டிகள் இன்றியமையாதவை. ஆயினும் தழும்புத் தடுப்பு என்ற உறுதிப்படாத பயனுக்காக அவற்றை உள்ளேயே விட்டுவைப்பதாயின், அதை அறுவைக்கு முன்பே நோயாளிக்கு விளக்கி ஒப்புதல் பெறுவதும், பொருளின் பெயரையும் அளவையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தருவதும் கடமையாக்கப்பட வேண்டும். அறுவைக்குப் பின் திடீரெனக் கால் மரத்து நள்ளிரவில் வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் ஒருவரின் ஸ்கேனில் தெரிவது இரத்தத் தேக்கமா, உப்பிய பஞ்சா, சீழா என்று அங்குள்ள மருத்துவர் தடுமாறாமல் இருக்க, அந்த ஒரு வரி பேருதவியாகும். அத்தகைய தீங்கு ஒவ்வொன்றையும் தெரிவிக்குமாறு எல்லா மருத்துவமனைகளையும் கட்டாயப்படுத்தும் விதியை மத்திய சுகாதார அமைச்சகம் காலந்தாழ்த்தாமல் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி